திரையில் பெற்ற பட்டம்

விசைத்தறியைத் திரையில் பார்த்து நெசவு கற்றவர் எவரையும் எங்கள் வெண்ணந்தூரில் நாங்கள் கண்டதில்லை. அறுந்த இழையை முடிந்து பழகிய விரலுக்கே தறி வசப்படும். மருத்துவக் கல்விக்கு இது இன்னும் பொருந்தும்.

2020 பிப்ரவரித் தொடக்கத்தில் இரு ஏர் இந்தியா விமானங்கள் வூகானிலிருந்து 647 இந்தியர்களை அழைத்து வந்தன. அவர்களுள் மாணவர் பலர். மார்ச் 28 முதல் சீனா வெளிநாட்டவர்க்குத் தன் எல்லையை மூடியது. நம் மாணவர்க்கு மீண்டும் விசா கிடைக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலத்தில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இணையவழியே பாடம் நடத்தின. மருத்துவமனைப் பயிற்சி முழுமையுறாத இறுதியாண்டு மாணவர்க்குப் பட்டமும் வழங்கின.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றம் சென்றது. பயிற்சியற்ற பட்டத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, ஆயினும் இம்மாணவர்க்கு ஒரு வழி காண்க என்று தேசிய மருத்துவ ஆணையத்திற்கு 2022 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பு வந்தது. தகுதித்தேர்வில் தேறினால், ஓராண்டுக்குப் பதில் ஈராண்டு உள்ளுறைப் பயிற்சி என ஜூலையில் ஆணையம் அறிவித்தது.

தீர்ப்பை நாங்கள் ஏற்கிறோம். நோயாளியின் உயிர் பெரிது. எங்கள் வருத்தம் வேறு. இழந்த காலத்தின் சுமை முழுவதும் மாணவர் தலையிலேயே விழுந்தது. முதற்பருவத்தில் எவர்க்கும் எதுவும் தெரியவில்லை என்பது உண்மை. மூன்றாம் பருவத்திலுமா? பட்டம் எந்நாட்டில் செல்லுபடியாக வேண்டுமோ, அந்நாட்டு ஆணையத்தோடு பேசி, மாணவர் ஊருக்கருகே பயிற்சிக்கு வழி தேடியிருக்க வேண்டியது அப்படிப்பை நடத்தியவர் கடமை. வகுப்பைத் தொடர்ந்து நடத்தியது மட்டும் போதாது.

பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் இனி முதலில் கேட்க வேண்டியது இதுவே: எல்லைகள் மீண்டும் அடைபட்டால், பயிற்சி எங்கே?