யூரியாவும் கரிமந்தான்

சென்ற வாரம் சான்பாடா ரயில் நிலையத்தை அடுத்த ஒரு கடையில் வெல்லப் பொட்டலம் வாங்கினேன். தமிழ்நாட்டுச் சரக்கு. அதன்மேல் 'கரிம வெல்லம்' என்று அச்சிட்டிருந்தது. 'ஆர்கானிக்' என்பதற்கு அகராதியில் கண்ட சொல்லை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 12 கார்பன் அணுக்கள். கரிமமல்லாத வெல்லம் உலகில் எங்கும் இல்லை.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இப்பிழையையே ஒரு கொள்கையாக முன்வைப்போர் நம்மிடையே உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறைகளிலும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்பது அவர்கள் வாதம். வேதியியலில் 'கரிம', வேளாண்மையில் 'உயிர்ம' எனப் பிரிவது அவர்களுக்குக் கலைச்சொல்லாக்கத்தின் குறை. எனக்கு அது நிறை.

ஆங்கிலச் சொல்லின் ஒருமை ஒரு பழைய நம்பிக்கையின் எச்சம். உயிரிகளில் விளையும் பொருள்களை உயிராற்றல் இன்றி ஆக்க இயலாது என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சீலியஸ் உள்ளிட்டோர் கருதினர். 1828இல் வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை ஆய்வகத்திலேயே ஆக்கிக் காட்டினார். நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது, பெயர் நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டில் அதே சொல், செயற்கை உரத்தை விலக்கும் வேளாண் முறைக்கும் பெயராயிற்று. ஆகவே அதே யூரியா வேதியியலில் கரிமச் சேர்மம். உயிர்ம வேளாண்மையில் விலக்கப்பட்ட உரம்.

ஒரே சொல்லை ஆள்வது எப்படியிருக்கும் என்பதற்கு இலங்கைத் தமிழே சான்று. அங்கே 'சேதன இரசாயனம்', 'சேதனப் பசளை' என ஈரிடத்தும் ஒரே சொல். 2021 மே மாதம் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, சேதனப் பசளைக்கு மாறச் சொன்னது. பாடநூலின்படி யூரியாவும் சேதனச் சேர்வையே; அதைத்தான் 'சேதன'த்தின் பெயரால் விலக்கினார்கள். அத்தடை விளைவித்த கேட்டுக்குச் சொல்லை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்த முரணை ஒரு மாணவருக்கு விளக்க முயலும் ஆசிரியரின் இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள்.

தரப்படுத்தலே வேண்டாம் என்பதன்று என் வாதம். ஒரே துறைக்குள் ஒரே கருத்துக்கு 'அங்கக', 'உயிர்ம' என இரண்டு சொற்கள் உலவுவது வீண் குழப்பம். தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டுக் கொள்கை 'உயிர்ம வேளாண்மை' என்றே பெயர் பெற்றது. அதையே நாமும் நிலைநிறுத்தலாம். தரப்படுத்த வேண்டியது கருத்துக்கும் சொல்லுக்குமான உறவை. ஆங்கில எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்குமான உறவையன்று.

சொற்பட்டியல் தொகுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு நேராக எதையும் எழுதுமுன் ஒரு வினாவைக் கேளுங்கள்: நீங்கள் எழுதப்போகும் சொல்லுக்குள் யூரியா அடங்குமா, அடங்காதா? விடை துறைக்குத் துறை மாறுமெனில் அங்கே இருப்பவை இரண்டு கருத்துகள். அவற்றுக்கு இரண்டு பெயர்கள் இருக்கட்டும்.