‘ஐந்நூறு மட்டும் கட்டிடுங்க சார்’

போஸ்ட்பெய்டு பில் தகராறு என்று யாராவது வந்தால், நம்மில் பலர் அவர் கொண்டுவந்த காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தொகை நாலாயிரமோ ஐயாயிரமோ இருக்கும். “கட்டித் தொலைச்சிட்டு வேலையைப் பாருங்க” என்று அனுப்பிவிடுகிறோம். வழக்குச் செலவு அதைவிட அதிகம் என்பது நியாயமான கணக்குதான். ஆனால் வசூல் ஏஜென்சிகளின் தொழில் நடப்பதே நம்முடைய இந்தக் கணக்கை நம்பித்தான். பணத்தைக் கட்டச் சொல்வதற்கு முன் ஒரு கடிதமாவது எழுதிக்கொடுக்க வேண்டும், அதையும் கவனமாக எழுத வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை.

எந்த மன்றத்துக்குப் போவது என்ற குழப்பம் இப்போது இல்லை. 2009இல் எம். கிருஷ்ணன் வழக்கில், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவைக் காட்டி, தொலைபேசி பில் தகராறு நடுவரிடம்தான் போக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதைச் சொல்லியே பல மனுக்கள் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டன. 2022 பிப்ரவரியில், வோடபோன் ஐடியா – அஜய் குமார் அகர்வால் வழக்கில் நிலைமை மாறியது. மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த பில், 2013 நவம்பர் – டிசம்பர் கணக்கில் 24,609 ரூபாயாக வந்தது. 2014இல் அகர்வால் அகமதாபாதில் புகார் கொடுத்தார். எட்டாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்கலாமா என்ற ஒரே கேள்வியைத்தான். பில் சரியா தப்பா என்பது அதற்குப் பிறகும் பாக்கி. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டத்தின்படி முறையிடும் உரிமையைத் தொடவில்லை.

வழக்கு இப்படி ஊர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் போன் மணி அடிப்பது நிற்பதில்லை. காரணம் எளியது. புகார் நிறுவனத்திலேயே தங்கிவிடுகிறது. பாக்கி மட்டும் வெளியே போகிறது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் பதிந்த புகாருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். சில நாளில் “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும். டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி அதற்கு மேல் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் படியை ஏறியதே இல்லை. இதற்கிடையில் இணைப்பு துண்டிக்கப்பட்டு, பெயர், முகவரி, தொகை அடங்கிய ஒரு வரியாக அந்தக் கணக்கு ஏஜென்சிக்குப் போகிறது. அந்த வரியில் புகார் எண்ணுக்கு இடமில்லை. போன் செய்கிற பையனுக்கு இப்படி ஒரு தகராறு இருப்பதே தெரியாது. அவன்மேல் எரிந்து விழுந்து பயனில்லை.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வசூல்காரர் தெரிவித்த 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுதினால், கணக்கைச் சரிபார்த்துக் காட்டும்வரை அவர் வசூலை நிறுத்தியாக வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. வங்கி முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு தொலைபேசி நிறுவனங்களின் முகவர்களுக்குப் பொருந்தாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்த சட்டமும் கடன் கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றியது. பில் பாக்கியை அதற்குள் கொண்டுவருவது கடினம். ஆகவே அமெரிக்கச் சட்டம் செய்கிற வேலையை இங்கே நம் கடிதம்தான் செய்ய வேண்டும்.

அந்தக் கடிதத்தைக் கட்சிக்காரர் தாமே எழுதினால் எப்படி எழுதுவார்? “பில் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், குறைத்தால் கட்டிவிடுகிறேன்.” மனிதர்கள் பேசுகிற இயல்பான பேச்சுதான். காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் வயிற்றைக் கலக்கும். கையொப்பமிட்ட எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், மூன்றாண்டுக் காலம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்குகிறது. அந்தப் பிரிவின் விளக்கவுரை இன்னும் கடுமையானது. கட்ட மறுத்து எழுதியிருந்தாலும், எதிர்க்கணக்குச் சொல்லியிருந்தாலும், கடன் கொடுத்தவருக்கு அல்லாமல் வேறொருவருக்கு எழுதியிருந்தாலும், அது ஒப்புதலாகலாம். ஏஜென்சிக்கு எழுதிய கடிதம்தானே என்று சமாதானப்பட முடியாது.

‘ஐந்நூறு மட்டும் கட்டிடுங்க சார், மேலிடத்தில் நான் பேசிக்கிறேன்’ என்ற கனிவான குரலையும் இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும். காலம் முடியுமுன் ஒரு பகுதி கட்டி, அது கட்டுபவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ பதிவாகியிருந்தால், 19ஆம் பிரிவின்படி கடிகாரம் திரும்பவும் முதலிலிருந்து ஓடும். காலம் முடிந்தபின் அந்த இரண்டு பிரிவுகளும் உதவாது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு காத்திருக்கிறது. காலாவதியான கடனைக் கட்டுவதாகக் கையொப்பமிட்டு எழுதிக்கொடுத்தால் அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். “அடுத்த மாசம் கட்டிடறேன்” என்ற வாட்ஸ்அப் செய்தி கையொப்பமிட்ட எழுத்தாகுமா என்று நாம் வாதாடலாம். வாதாட வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒத்துக்கொள்ளக்கூடிய மாத வாடகை இருந்தால், எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பிரித்து, மிச்சத்துக்குப் பொறுப்பே இல்லை என்று மறுத்து, இணைப்புக் கடிதத்தோடு நிறுவனத்துக்கு நேரே கட்டச் சொல்லுங்கள். ஏஜென்சியின் லிங்க்கில் வேண்டாம்.

கடிதத்தில் கேட்க வேண்டியவையும் உண்டு. விவரமான பில், அந்தக் கணக்குக்கு வைத்திருந்த கடன் வரம்பு, அதை நெருங்கியபோது எச்சரித்ததற்கான பதிவு, ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம். கடன் வரம்பை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டிராய் 2005லேயே ஆணையிட்டிருக்கிறது. 555 ரூபாய்க்காரருக்கு 24,000 ஆகும்வரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையா என்ற கேள்விக்கு நிறுவனங்கள் நேராகப் பதில் சொல்வது அபூர்வம்.

மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் கட்சிக்காரர்கள் நடுங்கிப்போய் வருகிறார்கள். சம்மன் போலவே இருக்கும், முத்திரையும் இருக்கும். வழக்குக்கு முந்தைய சாதாரண மக்கள் நீதிமன்றம் என்றால் பயமில்லை. இரு தரப்பும் சம்மதிக்காமல் அங்கே உத்தரவு பிறக்காது. நோட்டீஸ் நிரந்தர மக்கள் நீதிமன்றத்திலிருந்து வந்ததா என்று மட்டும் பாருங்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் தொலைபேசி சேவை பொதுப் பயன்பாட்டுச் சேவை. சமரசம் எட்டாவிட்டால் 22-சி(8) படி அந்த மன்றமே தீர்ப்பு சொல்லலாம், அது டிக்ரிக்குச் சமம். சமரச முயற்சியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று 2022இல் கனரா வங்கி – ஜி.எஸ். ஜெயராம வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், தீர்ப்பு சொல்லும் அதிகாரத்தை அது உறுதிசெய்தது. இரண்டு மன்றங்களின் பெயரும் ஒரு சொல்லில்தான் வேறுபடுகிறது. முதலாவதில் ஆஜராகாவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாவதில் பதிலுரை இல்லாமல் விடுவது அபாயம்.

“சிபில் போயிடும்” என்ற மிரட்டலை வெறும் மிரட்டல் என்று ஒதுக்கவும் முடியாது. சிபில் அறிக்கையின் கணக்கு வகைகளில் செல்பேசி, தரைவழி, பிராட்பேண்ட் என்று தனித் தலைப்புகளே இருக்கின்றன. 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம்; 30 நாள் கெடு. அதே பிரிவில் ஒரு காப்புரையும் இருக்கிறது: அந்தத் திருத்தம் பற்றிய தகராறு நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் திருத்தம் செய்யப்படாது. அதனால் முதலில் திருத்த மனு, அதன் பதிலுக்குப் பிறகு நுகர்வோர் ஆணையம் என்ற வரிசைதான் பாதுகாப்பு. அவசரமென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 38(8) பிரிவில் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏஜென்சியின் நடத்தையைத் தனிக் குறையாகவே எழுதுங்கள். பாக்கியை அக்கம்பக்கத்தாரிடமோ அலுவலக மேலாளரிடமோ சொன்னால், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியிட்டதாக 2019 சட்டத்தின் 2(47) பிரிவில் அது நியாயமற்ற வணிக நடைமுறை. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுவதாகச் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவு. முகவர் சொன்ன பொய்க்கு அவரை அனுப்பியவரே பொறுப்பு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆம் பிரிவு. ஆகவே முதல் எதிர்தரப்பு நிறுவனம்தான். பில் தேதியிலிருந்து இரண்டாண்டு கடந்துவிட்டது என்று எதிர்தரப்பு ஆட்சேபித்தால், வசூல் தொல்லை தனி வழக்கு மூலம், அதன் தேதி வேறு என்று வாதிட இந்தப் பிரிப்பு கைகொடுக்கும். புகாரைக் கட்சிக்காரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இந்தத் தொகைகளுக்கு மன்றக் கட்டணமும் கிடையாது.

பரிகாரப் பத்தியில் பில்லை ரத்து செய்யக் கேட்பதோடும் நஷ்டஈட்டோடும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாக்கி இல்லை என்ற சான்று, கடன் அறிக்கைப் பதிவை நீக்குதல், இந்தக் கணக்கை வேறெந்த ஏஜென்சிக்கும் ஒப்படைக்கக் கூடாது என்ற தடை ஆகியவற்றையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் உத்தரவு வாங்கிப் போன கட்சிக்காரர்கள், வேறொரு ஏஜென்சியின் நோட்டீஸோடு திரும்ப வருகிறார்கள்.