விசுவாசம் பிதிரார்ஜிதச் சொத்தா?

தோட்டத்துக் கிராணிக்கு விடிந்தால் முதல் வேலை பெயர் பார்ப்பது. செக்ரோலில் ஒருவன் பெயர் ஏறியிருப்பது ஒன்று. அன்று அவன் பெரட்டுக்கு வந்து நிற்பது வேறொன்று. பெயர் இருக்கிறதே என்று வராதவனுக்குச் சம்பளம் எழுதினால் அன்றோடு நம் சீட்டுக் கிழிந்துவிடும். கூலிக் கணக்கில் இத்துணைக் கண்டிப்புடைய நாம், மனச்சாட்சிக் கணக்கில் மட்டும், குழந்தை பிறந்தவுடனே தகப்பன் சமயத்தை அதன் பெயருக்கு நேரே எழுதிவிட்டு, ஆள் வந்தானா என்று ஒருநாளும் பாராமல் ஆயுள் முழுவதும் வரவு வைத்து வருகின்றோமே, இது எந்த ஊர் நியாயம்?

இக்கேள்வியை மேல்நாட்டிலே நெஞ்சழுத்தத்துடன் கேட்டவர்களில் ஒருவர், இலண்டன் மாநகரப் பாப்டிஸ்டுப் பிரசங்கியார் சார்லஸ் ஹாடன் ஸ்பர்ஜன் (1834–1892). நாம் அவருடைய சபையாருமல்லோம். அவருடைய சித்தாந்தம் அனைத்தையும் ஒப்புக்கொள்பவருமல்லோம். ஆயினும், "மனிதர் மகா வாசாலகர், கொள்கையில் மட்டும் குறுகியவர்" என்று ஒரு கையால் மாலையிட்டு மறு கையால் குட்டும் படிப்பாளிகளை நாம் கண்டிருக்கின்றோம். நாம் சொல்வது நேர்மாறானது. அவருடைய வாசாலகம் அவரோடு போய்விட்டது. நமக்கு வேண்டியது அவர் குறுகல் என்று இவர்கள் இகழ்கின்ற அதுவே.

அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் சுயாதீன சபையின் போதகர்கள். அவர்கள் வழக்கப்படி கைக்குழந்தையாயிருந்தபோதே அவர்க்கு நீர் தெளிக்கப்பட்டாயிற்று. வேறு யாராயினும் அத்துடன் திருப்தியடைந்து, பாட்டன் சம்பாதித்து வைத்த நிலத்தைப் போலப் பாட்டன் விசுவாசத்தையும் அனுபவித்திருப்பார். இவரோ, ஒருவன் தானே அறிந்து, தானே நம்பி, தன் வாயால் சொல்லிய பின்னரே ஸ்நானம் பெற வேண்டும் என்று வேதத்தைப் படித்துத் தாமே முடிவு கட்டினார். பெற்றோரின் சம்மதத்தைக் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்று, 1850-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், ஏறக்குறைய எட்டு மைல் நடந்து சென்று, லார்க் ஆற்றில் இறங்கி முழுக்குப் பெற்றார். அப்பொழுது வயது பதினைந்து! "மகன் கிறிஸ்தவனாக வேண்டுமென்று வேண்டினேன், பாப்டிஸ்டாக வேண்டுமென்று வேண்டவில்லையே" என்ற கருத்தில் அன்னையார் வருந்தினாராம். அதற்கும் அம்மகனார், கேட்டதற்கு மேலாகவே கடவுள் கொடுத்திருக்கிறார் என்று அன்பு குன்றாமல் மறுமொழி தந்தார். தாயை மதித்தார்; தாய்க்காகத் தம் மனத்தை அடகு வைத்தாரில்லை.

"குழந்தைக்குச் சமயம் புகட்டலாகாதென்பதா உமது கட்சி?" என்று சிலர் சீறக்கூடும். அல்ல, அன்பர்களே! ஸ்பர்ஜன் பிள்ளைகட்குப் போதிப்பதில் எவர்க்கும் பின்வாங்கியவரல்லர். 1867-இல் அநாதைச் சிறுவர்க்கென ஓர் இல்லமே அமைத்தவர். போதிப்பது வேறு; போதித்துவிட்டதனாலேயே அவன் நம்பிவிட்டான் என்று முத்திரை குத்துவது வேறு. விதைப்பவன் விளைச்சல் கணக்கை அன்றே எழுதுவதில்லை.

இனி 1864-ஆம் ஆண்டைப் பார்ப்போம். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில், ஸ்நானம் பெற்ற சிசு அதனாலேயே மறுபிறப்பு அடைந்தது என்னும் பொருள்பட வாசகம் அமைந்திருந்தது. அச்சபைக் குருமாருள் பலர் அதனை உள்ளத்தால் நம்பவில்லை; ஆயினும் வாயால் ஓதினர், அப்பதவியின் ஊதியத்தையும் பெற்று வந்தனர். ஜூன் மாதம் 5-ஆம் நாள் ஸ்பர்ஜன் பிரசங்க மேடையினின்று இதனை நேருக்கு நேர் கண்டித்தார். அவர்களுள் அவருடைய நண்பர்களும் உண்டு. அவருடைய பிரசங்கங்களோ வாரந்தோறும் ஒரு பென்னிக்கு அச்சாகி விற்பனையாகி வந்தவை. இதனால் விற்பனையே படுத்துவிடலாம் என்று பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பேசினார். நடந்தது வேறு, அப்பிரசங்கம் இலட்சத்திற்கு மேற்பட்டு விற்றது. ஆனால் நாம் எடை போடுவது விற்ற தொகையை அன்று. விற்காமற் போனாலும் போகட்டும் என்று துணிந்த மனத்தை.

சபை வாழ்விலும் அவர் இக்கொள்கையையே நடத்திக் காட்டினார். குருப்பட்டம் சூட்டும் சடங்கு தமக்கு வேண்டாமென்று மறுத்தார். ஊழியம் செய்பவனுக்கு ஊழியமே பட்டம். 1861-இல் திறக்கப்பட்ட அவருடைய ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடினர். எனினும் வந்தவரெல்லாம் அங்கத்தினராகிவிடவில்லை. மூப்பர் விசாரிப்பார், போதகர் விசாரிப்பார், பின்னர் சபை கூடி முடிவு செய்யும். அங்கத்தினர்க்கு எண்ணிட்ட சீட்டுகள் தரப்படும். திருவிருந்துக்கு வருங்கால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். சில மாதம் தொடர்ந்து சீட்டு வாராவிடின் மூப்பர் ஒருவர் வீடு தேடிச் செல்வார். இதனைப் படித்தபோது கிராணியாகிய நாம் நகைத்தோம். இதுவும் ஒரு பெரட்டுத்தானே! ஆனால் நம் பெரட்டில் வராதவனுக்குச் சம்பளம் போம். அவர் பெரட்டில் வராதவனுக்கு நோயா, வறுமையா, துயரா என்று கேட்க ஆள் வரும். பெயர் எழுதுவது மனிதனைத் தேடுவதற்காக என்றால் அவ்வேட்டிற்கு நாம் தலைவணங்குகின்றோம்.

அடுத்தது அடிமைத்தனம். 1845-இல் அமெரிக்காவின் தென்னாட்டுப் பாப்டிஸ்டுகள், அடிமை வைத்திருப்போர் சமயத் தொண்டராகலாமா என்ற வழக்கில் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். முழுக்கு ஒன்றே, வேதம் ஒன்றே, பெயரும் ஒன்றே! ஸ்பர்ஜனோ அடிமை வைத்திருப்பவனுடன் திருவிருந்தில் அமரேன் என்று 1860-இல் வெளிப்படையாக எழுதினார். தென்னாட்டில் அவர் நூல்களைத் தீயிலிட்டனர். அத்தென்னாட்டுச் சங்கத்தார் தம் பிழைக்கு மன்னிப்புக் கேட்டது 1995-இல். அஃதாவது நூற்றைம்பது ஆண்டு கழித்து! நீரில் முழுகி எழுந்தவன் மனிதனை மனிதனாக மதியானாயின், நனைந்தது அவன் உடை மட்டுமே என்போம்.

அவரிடம் நாம் குறை காணவில்லையா? காண்கின்றோம். 1887-இல், பாப்டிஸ்டு ஐக்கியத்தில் பழைய கோட்பாடுகளைக் கைவிட்டோர் இருக்கின்றனர் என்று தம் திங்களிதழில் குற்றஞ்சாட்டினார். ஆட்களின் பெயரை மட்டும் வெளியிடவில்லை. பெயரில்லாக் குற்றச்சாட்டு எல்லார் மீதும் நிழல் வீழ்த்தும், அது முறையன்று. அன்றியும், அவர் பழுதென்று ஒதுக்கிய புதிய ஆராய்ச்சிகள் சிலவற்றை நாம் வரவேற்பவர். ஆனால் அவர் செய்ததென்ன? நம்பிக்கை ஒவ்வாத ஐக்கியத்தில் பெருமைக்காக ஒட்டிக்கொண்டிராமல், அவ்வாண்டு அக்டோபரில் தாமே வெளியேறினார். மறுமாண்டு ஜனவரியில் அவர்மீது கண்டனத் தீர்மானமும் வந்தது. "ஒற்றுமையைக் குலைத்தார்" என்கின்றனர். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நூறு பேர் ஒரு கூரையின்கீழ் அமர்வது ஒற்றுமையா? அது வெறும் கூட்டம்.

ஆகவே, நேயர்காள்! அவர் முடிவுகளைக் கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. முடிவுக்கு வந்த முறையைக் கொள்ளுங்கள் என்கின்றோம். நம்புகிறவன் தானே ஆராய்ந்து நம்புக. நம்பாதவன் அதனை ஒளியாமற் சொல்லுக. பெற்றோர் தந்த பெயரைச் சுமந்துகொண்டு உள்ளே ஒன்றுமில்லாதிருப்பவனே இருவர்க்கும் பகைவன்.

தோட்டத்தில் பிறந்த எத்தனையோ குழந்தைகட்கு, விண்ணப்பத்தாளில் சமயம் என்ற கட்டத்தை நம் கையாலேயே நிரப்பியிருக்கின்றோம். அதிகாரிகள் கேட்பதால் இனியும் நிரப்புவோம். ஆனால் அவ்வெழுத்துப் பென்சிலால் எழுதியது என்று எண்ணிக்கொள்ளுங்கள், பெற்றோர்களே! மையிட்டு எழுத வேண்டியவர் நாமும் அல்லோம், நீங்களும் அல்லீர்; வளர்ந்து வரப்போகும் அப்பிள்ளையே.