அட்டை வீட்டில் குடியிருந்து பார்த்தோம்

"ப்ளான் போட்டுக் கொடுத்துவிட்டார் எஞ்ஜினீயர். பார்த்தால் ஒரே கோடும் அம்புக்குறியுமாக இருக்கிறது. 'நல்லா பாத்துக்கோ, அப்புறம் குறை சொல்லாதே' என்கிறார் இவர். எதைப் பார்ப்பது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

படித்ததும் சிரிப்பு வந்தது. கூடவே வயிற்றையும் கொஞ்சம் பிசைந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான், ஒன்றும் புரியாமல் பலமாகத் தலையாட்டிவிட்டு வந்தவள்.

அப்போது அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தெம்பில்லாமல் இருந்தது. கோலை ஊன்றி நடப்பார். முடியாத நாட்களில் சக்கர நாற்காலிதான். அவருக்காகவே மாடி வேண்டாம் என்று முடிவு செய்து, அவர் அறையை ஒட்டியே குளியலறையும் வைக்கச் சொல்லியிருந்தோம். காகிதத்தில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது.

நவராத்திரி வந்தது. என் பெண் கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் போட்டுக் கொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரியாததா! மணலைக் குவித்தால் மலை, கேழ்வரகு முளைத்தால் வயல், முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தால் குளம். "அம்மா, நம்ம புது வீட்டையும் இதுல வெச்சிடலாமா?" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம்.

ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். பத்தடி அறை 5 அங்குலமாயிற்று. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், கத்தரிக்கோல், அடிக்கோல், மைதாப் பசை, இவ்வளவுதான் செலவு. கூரை போடவில்லை. போட்டுவிட்டால் உள்ளே எப்படிப் பார்ப்பதாம்? ஐந்தடி உயர அத்தை இரண்டரை அங்குலப் பொம்மையானார். சக்கர நாற்காலியையும் நிஜமாகவே அளந்து அதே கணக்கில் வெட்டினோம்.

கட்டிலில் உட்கார்ந்தபடி அத்தையே அந்த நாற்காலியை நகர்த்தினார். அறையைத் தாண்டியது, குளியலறை வாசலில் போய் நின்றுவிட்டது. ப்ளானில் இரண்டரை அடி என்று போட்டிருந்தது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கக் கட்டைகளைக் கழித்தால் நடுவில் 24 அங்குலம்தான் மிச்சம். நாற்காலியோ 26 அங்குலம். அட்டையில் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை, ஆனாலும் நுழையவில்லை.

அத்தை அதோடு விடவில்லை. நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பொம்மையை மட்டும் எடுத்துக் குளியலறைக்குள் படுக்க வைத்தார். கதவை உள்பக்கம் தள்ளிப் பார்த்தார். அது பொம்மையில் இடித்து நின்றது.

"நான் உள்ளே விழுந்துட்டா நீ எப்படிம்மா வருவே?"

யாரும் பேசவில்லை. மறுநாளே இவர் எஞ்ஜினீயரிடம் ஓடினார். "எல்லாரும் வெக்கிற அளவுதான் சார்" என்றாராம் அவர். கடைக்கால் மட்டும்தான் தோண்டியிருந்தது, நிலைக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. அதனால் பிழைத்தோம். நிலையின் உள் அளவு 3 அடியாயிற்று. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாறியது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கினோம்.

இன்னொன்றும் செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அட்டை வீட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், மனையில் எந்தத் திசையோ அதே திசை பார்க்க வைத்தேன். சமையலறை ஜன்னல் வழியாக வெயில் நேரே அடுப்பு மேடையில் விழுந்தது. தினமும் டிபன் செய்கிற வேளை! ஜன்னலை வடக்குச் சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

இது நமக்கு மட்டும் தோன்றிய வித்தையில்லை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், 1673-74-ல் ஓக் மரத்தில் ஒரு மாதிரி செய்ய வைத்தார். 6 மீட்டருக்கு மேல் நீளம், ஆள் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஒரு நல்ல வீட்டின் விலை ஆயிற்றாம். ராஜாவுக்குப் பிடித்திருந்தது, பாதிரிமார்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த உருவத்தில் கோயில் எழும்பவேயில்லை. தெரியாதவர்களெல்லாம் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று, இனி மாதிரியே செய்வதில்லை என ரென் தீர்மானித்துவிட்டாராம். எங்கள் வீட்டு அட்டை வீட்டுக்கு நாத்தனார்கள் வந்து சொன்ன அபிப்பிராயங்களைக் கேட்டபோது, அந்த மனுஷரின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஸ்பெயினில் கௌடி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்துக்காக, மேலேயிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய குட்டிக் குட்டிப் பைகளை அவற்றில் கட்டினார். துணி காயப்போடும் கொடி பாரத்தில் தொய்கிறதல்லவா, அந்த மாதிரி கயிறுகள் வளைந்தன. அதைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், பாரத்தைத் தாங்கி நிற்கும் வளைவுகள் அப்படியே தெரியும்! வருஷக்கணக்கில் இந்தக் கயிற்றோடு இருந்தார். கடைசியில் அடித்தளத் தேவாலயம் மட்டும்தான் எழும்பியது. 1914-ல் வேலை நின்றுவிட்டது.

நாங்கள் குடிபோன மறு வருஷம், ஒரு விடியற்காலையில் குளியலறையில் 'தொப்'பென்று சத்தம். ஓடினேன். தாழ்ப்பாளை வெளியிலிருந்து திருப்பி இழுத்ததும் கதவு திறந்தது. அத்தை கதவோரமாகத்தான் கிடந்தார். பேச்சுக் கொடுத்து, எங்கே அடி என்று பார்த்து, இவரைக் கூப்பிட்டு மெல்ல உட்கார வைத்தோம். எலும்பு முறிவில்லை, இடுப்பில் ஒரு வாரம் வலி இருந்தது. "பொம்மை விழுந்த அதே இடம்டி" என்று அத்தையே எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருந்தார்.

கடிதம் எழுதிய சகோதரி, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. ஆளுக்கொரு பொம்மை வெட்டிக் கொள்ளுங்கள். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து அதே கணக்கில் வெட்டுங்கள். தொட்டில் கட்ட ஒரு கொக்கிக்கும் இடம் பார்த்து வையுங்கள். கான்க்ரீட் போட்ட பிறகு கொத்தனாரிடம் கொக்கி கேட்டால் முறைப்பார்!