அம்மாவின் பெட்டிக்கு மாங்காய்க் கரை

என் அம்மா விட்டுப் போனதில் ஒரு ஜாதிக்காய்ப் பலகைப் பெட்டியும் உண்டு. ஒன்றரை அடி நீளம். வழவழப்பும் கிடையாது, வண்ணமும் கிடையாது. உள்ளே அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்களும் என் குழந்தையின் முதல் அரைஞாணும் இருந்தன. பெண்ணுக்குத் தையில் கல்யாணம். "பாட்டி பெட்டியை எனக்குக் கொடுத்துடேம்மா" என்றாள். மொட்டையாகவா கொடுப்பது?

முதலில் உப்புத்தாள். 120 நம்பரால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, பிறகு 220ஆல் ஒரு தேய்ப்பு. தூசியைத் துடைத்துவிடுங்கள். உங்கள் பெட்டி பழைய பெயிண்ட் அடித்ததென்றால் தேய்க்கவே வேண்டாம், சகோதரிகளே. அதில் ஈயம் இருக்கலாம். தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போய்விடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட பெட்டிக்குத் துணி உறை தைத்துப் போடுவதே மேல்.

ஸ்டென்சிலுக்குக் காசு செலவழிக்கவில்லை. இவருடைய பழைய முழங்கால் எக்ஸ்ரே இருந்தது. தாளில் மாங்காய் வரைந்து அதன்மேல் ஒட்டி, பிளேடால் வெட்டினேன். ("என் காலையா அறுக்கறே?" என்று ஒரு கேலி வேறு!) மாங்காய்க்குள் சின்ன மாங்காய் வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவே நெல்லளவு பட்டை இரண்டு மூன்று இடத்தில் வெட்டாமல் விடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது கையோடு வந்துவிடும். எனக்கு வந்தது.

பெட்டிக்கு அரக்கு நிற அக்ரிலிக் பெயிண்ட், காயவிட்டு இரண்டு தடவை. அதன்மேல் மஞ்சள் மாங்காய். முதல் மாங்காய்க்குத் தோசைக்கு எண்ணெய் விடுகிற தாராளத்தில் தொட்டு இழுத்தேன். பெயிண்ட் அடியில் புகுந்து, மாங்காய் பூசணிக்காய் ஆயிற்று! ஈரத்துணியால் உடனே துடைத்ததால் தப்பித்தேன். ஸ்பாஞ்சில் துளி பெயிண்ட் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, ஈரம் போனாற்போல் ஆனதும் மேலிருந்து ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுக்காதீர்கள். ஸ்டென்சிலை நேராகத் தூக்கி, அடிப்பக்கம் துடைத்துவிட்டு அடுத்த இடத்தில் வையுங்கள். நடுவில் தொடங்கி இருபக்கமும் போனால் மூலைகள் ஒரே மாதிரி அமையும்.

மூடியின் உட்புறம்தான் பாக்கி. "அங்கேயும் அடிச்சுடலாம்மா, பளிச்சுன்னு இருக்கும்" என்று பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டாள் பெண். அங்கே அம்மா பென்சிலால் கணக்கு எழுதியிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டி அவளுடையதாகப் போகிறதே. குனிந்து அவளே படித்தாள். "பால் பாக்கி 3.50. காய்ச்சல் மருந்து, ராத்திரி 8 மணி."

"யாருக்கும்மா காய்ச்சல்?"

"எனக்கா, உன் மாமாவுக்கா, தெரியலையே."

பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டாள்.

வெளிப்புறம் மட்டும் வார்னிஷ் ஒரு தடவை பூசினோம். வாசனை போகட்டும் என்று மூடியைத் திறந்தபடி ஒரு வாரமாகக் கூடத்தில் வைத்திருக்கிறேன். அதுவரை கடிதங்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் இருக்கின்றன.