பட்டத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே

ஆவடியைக் கடந்து அரக்கோணம் மார்க்கத்தில் செல்லும் மின்ரயில் அடுத்து நிற்கும் நிலையத்துக்கு இந்துக் கல்லூரி என்றே பெயர். தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டியார் பெயரில் 1969-ஆம் ஆண்டு பட்டாபிராமில் தோன்றிய அக்கல்லூரி, ரயில்வே ஊழியர், தொழிற்சாலைத் தொழிலாளர், ராணுவக் கிடங்குச் சிப்பந்திகள் எனச் சுற்றுவட்டாரத்தில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் பட்டதாரியை அளித்திருக்கிறது. அதே ஊரில், 330 கோடி ரூபாய்ச் செலவில் 21 மாடிகளுடன் எழும்பிய டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. பட்டமளிக்கும் ஸ்தாபனமும் பட்டதாரிகளை நாடும் கம்பெனிகளுக்கான கட்டடமும் ஒரே ஊரில் அமைவது எல்லா ஊர்களுக்கும் வாய்க்கும் பாக்கியமன்று. ஆயினும் பி.காம். முடித்த ஒரு பெண், அங்கிருந்து இங்கு வந்து சேர்வதற்குரிய வழியை அவளுக்குக் காட்டும் பொறுப்பு தங்களுடையது என்று கல்லூரியோ, கம்பெனியோ, அரசாங்கமோ இன்றுவரை நினைத்ததாகத் தெரியவில்லை.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2022-23-இல் நாடு முழுவதும் வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடையே அது 13.4 சதவீதம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையோ, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரில் 3.4 சதவீதத்தினரும் பட்டம் பெற்ற இளைஞரில் 29.1 சதவீதத்தினரும் வேலையின்றி இருப்பதாகக் கூறுகிறது. படிப்பே மனிதனை உபயோகமற்றவனாக்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும்பிழை. படிக்காதவனுக்கு வேலை தேடிக் காத்திருக்க வசதியில்லை; அன்றாட ஜீவனத்துக்காகக் கிடைத்ததைச் செய்கிறான். பட்டதாரியைப் பெற்றோர் இன்னும் சில காலம் தாங்குகிறார்கள். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 47 சதவீதத்தை எட்டி, நாட்டின் சராசரியான 28.4-ஐ வெகுவாக மிஞ்சியிருக்கும் தமிழ்நாட்டில், அப்படித் தாங்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

அக்காத்திருப்பு எப்படி நடக்கிறது என்பதை இவ்வூர்க் கடைத்தெரு ஜெராக்ஸ் கடை எதிலும் அரை மணி நேரம் நின்றால் காணலாம். ஒருவன் தன் பயோடேட்டாவில் டேலி தெரியும் என்ற வரியைச் சேர்த்துப் பத்துப் பிரதிகள் எடுக்கிறான். இன்னொருத்தி போட்டித் தேர்வுக்கான ஹால் டிக்கெட்டை அச்சிட்டு, புகைப்படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் சென்று கேட்டால், கான்ட்ராக்ட் முறையில் எடுத்துக்கொள்கிறோம், பி.எஃப். பிடித்தம் போகக் கையில் இவ்வளவு என்று சொல்லும் தொகை, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பக்கத்து வீட்டுப் பையன் வாங்கும் சம்பளத்துக்குச் சமமாகவே இருக்கிறது. பெண்ணாயிருந்தால் நைட் ஷிப்ட் என்றவுடன் வீட்டில் மறுப்பு. மறுத்த ஆறாம் மாதம் கலியாணப் பேச்சு. அவள் வாங்கிய பட்டம் வரன் பார்ப்போருக்குச் சொல்லும் விவரமாக மட்டும் முடிந்துவிடுவதை நினைக்க மனம் மிகவும் விசனப்படுகிறது.

அதனாலேதான் அரசாங்க உத்தியோகத்தின்மீது இத்தனை ஏக்கம். 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பத்தாம் வகுப்பே போதுமான தகுதியாயிருக்கும் அத்தேர்வைப் பட்டதாரிகளும் ஆண்டுக்கணக்கில் எழுதுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை அரசாங்கக் கணக்கு இலாகாவிலும் பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணிபுரிந்த காலந்தொட்டு, பட்டமென்றால் சர்க்கார் வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பது மெய்தான். எனினும் இன்று அந்த எண்ணத்தைக் காப்பாற்றி வருவது பழைய மோகமன்று. மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளமும், நாளைக்கு வராதே என்று சொல்லிவிட முடியாத நியமன உத்தரவும் வேறெங்கும் கிடைப்பது அரிதாயிருப்பதே காரணம்.

நம் பட்டதாரிகளுக்குத் திறமை போதாது என்று தொழிலதிபர்கள் மேடைதோறும் சொல்வதை நான் முழுதும் மறுக்கவில்லை. ஆனால் திறமை வேலை செய்யும் இடத்தில் கைவருவது. மூன்றாண்டுகள் வகுப்பறையில் உட்கார்த்தி வைத்துவிட்டு, அனுபவம் உண்டா என்று வாசலில் நிறுத்திக் கேட்பது நியாயமாகாது. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்துவிட்டது. 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயேனும் கொடுக்க வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு விதி. அம்பத்தூர் முதல் திருநின்றவூர் வரை இவ்விதி மெய்யாகவே அமலானால் எத்தனை பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்! பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்புகளின் கடைசி ஆறு மாதத்தைச் சம்பளத்துடன் கூடிய பழகுநர் காலமாக்க வேண்டும். டைடல் பூங்காவில் இடம் பெறும் ஒவ்வொரு கம்பெனியும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் இத்தனை பேரை எடுக்குமென்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பொதுப் பணத்தில் எழுந்த கட்டடத்துக்கு அந்த நிபந்தனையை விதிக்கும் உரிமை அரசுக்குப் பூரணமாக உண்டு. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அதைச் செய்யலாம்.