அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்

2025 ஒக்டோபர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் செப்பாங் ஓடுபாதையில் நடைபெற்ற மொட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஸ்பெயின் வீரர் அலெக்ஸ் மார்க்கெஸ் முதலிடம் பெற்றார். அவர் சார்ந்த அணியின் பெயர் கிரெசினி. 14 ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஓடுபாதையில், இதே அணிக்காக ஓடிய 24 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2025 இன் வெற்றி நாளிலும், சிறிய வகைப் பந்தயம் ஒன்று தொடங்குமுன்னரே இரு இளம் வீரர்கள் மோதிக்கொண்டு கடுமையாகக் காயமுற்றார்கள். மாலையில் வெற்றிக் கிண்ணம் வழங்கப்பட்டது. விளையாட்டுப் பக்கங்கள் மறுநாள் வெற்றியை எழுதின.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நான் நிபுணன் அல்லன். இயந்திரத்தின் நுட்பங்களை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உள்ளார்கள். ஆனால் இந்த அணியை உருவாக்கிய பவுஸ்டோ கிரெசினியின் வாழ்க்கை என்னை நீண்ட காலமாக யோசிக்க வைத்துள்ளது. ஆபத்தான தொழில் ஒன்றைத் தானே செய்து, உயிருடன் மீண்டு, பின்னர் அதே தொழிலுக்குப் பிறரை அனுப்பும் நிலைக்கு வந்தவர் அவர். அந்த நிலைக்குரிய பொறுப்பு என்ன என்பதே இங்கு நான் பேச விரும்பும் விடயம்.

கிரெசினி 1961 இல் இத்தாலியின் இமோலா நகரில் பிறந்தவர். 125 சிசி வகைப் பந்தயங்களில் 1985 ஆம் ஆண்டிலும் 1987 ஆம் ஆண்டிலும் கரெல்லி நிறுவனத்தின் வாகனத்தில் உலக சம்பியன் ஆனார். 1987 இல் நடந்த 11 பந்தயங்களில் 10 இல் அவரே முதலாவதாக வந்தார். மொத்தம் 21 வெற்றிகள். 1990 ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயத்தில், தம்முடன் ஓடிய 17 வயது லொரிஸ் கப்பிரோசி உலக சம்பியன் ஆவதற்கு ஓடுபாதையிலேயே துணை நின்றார். தான் வெல்வதைவிட இன்னொருவரை வெல்லவைப்பதில் அவருக்கு நாட்டம் இருந்தது என்பதற்கு அதையே முதல் அடையாளமாக நான் கொள்கிறேன். 1994 உடன் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1997 இல் சொந்த அணியுடன் திரும்பி வந்தார். இம்முறை முகாமையாளராக.

அணி முகாமையாளர் என்றவுடன், திட்டம் வகுத்து ஆணையிடும் தளபதி ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மை அதுவன்று. பெரும் நிறுவனத்தின் நேரடி அணியாக இல்லாத ஓர் அணியை நடத்துபவர், வருடத்தின் பெரும்பகுதியை விளம்பரதாரர்களைத் தேடுவதிலும் உற்பத்தி நிறுவனத்திடம் நல்ல இயந்திரத்தைப் பெறுவதிலும் செலவிடுகிறார். மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் வாகனங்களை அனுப்ப வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின், பந்தயம் தொடங்கும் கணத்தில் அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும் ஒருவரைத் திரையில் பார்த்தபடி காத்திருப்பதுதான் அவரது வேலை.

கிரெசினியின் அணியில் ஜப்பானியரான டைஜிரோ காட்டோ 2001 இல் 250 சிசி உலக சம்பியன் ஆனார். அந்த ஒரே வருடத்தில் 11 வெற்றிகள். ஜப்பானிலிருந்து உயர் வகுப்பின் முதலாவது உலக சம்பியன் இவராகவே இருப்பார் என்று பலர் நம்பினார்கள். 2003 ஏப்ரில் 6 ஆம் திகதி சுசுகா ஓடுபாதையில், ஆண்டின் முதற் பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், அவர் கட்டுப்பாட்டை இழந்து ஓடுபாதைக்கு மிக அருகில் இருந்த தடுப்புச் சுவரில் மோதினார். பந்தயம் நிறுத்தப்படவில்லை. இரு வாரங்கள் நினைவு திரும்பாமல் இருந்து, ஏப்ரில் 20 ஆம் திகதி காலமானார். வயது 26.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரில் 27 ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் வெல்கொம் நகரில் அடுத்த பந்தயம். காட்டோவின் அணித் தோழர் செட்டே ஜிபெர்னாவ் அதில் வென்றார். அந்த வெற்றியை மறைந்தவருக்கான அஞ்சலி என்று உலகம் எழுதியது. ஜிபெர்னாவின் துயரம் உண்மையானது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்மைப் போன்ற எழுதுபவர்கள் அந்தச் சொல்லை எவ்வளவு இலகுவாகப் பயன்படுத்திவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அஞ்சலி என்று எழுதியவுடன் கதை முடிந்துவிடுகிறது. சுவர் ஏன் அவ்வளவு அருகில் இருந்தது, பந்தயம் ஏன் தொடர்ந்தது என்ற கேள்விகள் பின்தள்ளப்படுகின்றன. சுசுகாவில் அதன்பின் மொட்டோ ஜிபி பந்தயம் நடைபெறவில்லை. காட்டோவுக்குச் செய்யப்பட்ட மெய்யான அஞ்சலி அதுவே என்பது என் கருத்து.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே துயரம் மீண்டும் அந்த அணியின் வாசலுக்கு வந்தது. 2011 ஒக்டோபர் 23 ஆம் திகதி செப்பாங்கில், இரண்டாவது சுற்றில், மார்கோ சிமொன்செல்லி வளைவொன்றில் சறுக்கி விழுந்தார். பின்னால் வந்தவர்களால் விலக முடியவில்லை. அவர்களில் ஒருவர் சிமொன்செல்லியின் நெருங்கிய நண்பரான வலன்ரினோ ரொசி. பந்தயம் கைவிடப்பட்டது. இத்தாலியின் மிசானோ ஓடுபாதை இன்று சிமொன்செல்லியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டு விபத்துகளுக்கும் கிரெசினியைக் குற்றஞ்சாட்ட எவராலும் முடியாது. அவர் அன்றே அணியைக் கலைத்துவிட்டுப் போயிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. அடுத்த ஆண்டும் வேறொரு வீரருடன் களத்துக்கு வந்தார். 2018 இல் அவரது அணியில் ஹோர்ஹே மார்ட்டின் மொட்டோ 3 உலக சம்பியன் ஆனார். இதைத் துணிவு என்பதா, கல்நெஞ்சம் என்பதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது என் சொந்தத் தொழில் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நானும் செய்தியாளனாக ஓடித் திரிந்து, பின்னர் செய்தி மேசையில் அமர்ந்தவன். கைத்தொலைபேசி இல்லாத அந்தக் காலத்தில், நிலைமை சீராக இல்லாத ஓர் இடத்துக்கு இளம் செய்தியாளர் ஒருவரை அனுப்பினேன். "போகலாமா, ஐயா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. நானும் இப்படிப் பலமுறை போய் வந்தவன்தானே என்ற எண்ணத்தில், "போய் வாரும்" என்றேன். இரவு எட்டு மணிக்கு வரவேண்டிய தொலைபேசி அழைப்பு வரவில்லை. அச்சுக்குப் பக்கங்கள் போன பின்னரும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலை பத்து மணியளவில் அவர் அழுக்குச் சட்டையுடன் வந்து நின்று, செய்தி பிந்திவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். அவர் மீண்டு வந்தது என் தீர்மானத்தின் சிறப்பால் அன்று, அதிர்ஷ்டத்தால்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். ஆபத்திலிருந்து மீண்டவனின் அனுபவம் இரு வகையாக வேலை செய்யும். பயம் எப்படியிருக்கும் என்று அறிந்தவனாதலால் அனுப்பப்படுபவரின் முகத்தை அவனால் வாசிக்க முடியும். மறுபுறத்தில், நான் தப்பினேன், நீயும் தப்புவாய் என்ற அகந்தையையும் அதே அனுபவம் கொடுத்துவிடும். தப்பாதவர்கள் வந்து நமக்குப் பாடம் சொல்வதில்லை. மீண்டவர்களின் சாட்சியை மட்டும் கேட்டு நாம் முடிவெடுக்கிறோம்.

ஆகவே, தொடர்ந்தது சரியா, தவறா என்று கிரெசினியைப் பார்த்துக் கேட்பதைவிட, தொடர்பவர்கள் எதை மாற்றினார்கள் என்று கேட்பதே பொருத்தம். இந்தப் பந்தயங்களில் சில மாற்றங்கள் வந்துள்ளன. விழும் கணத்தில் காற்றால் நிரம்பி உடலைக் காக்கும் பாதுகாப்பு உடை 2018 இலிருந்து கட்டாயம். 2021 இல் பல்வேறு பந்தயங்களில் பதின்ம வயதினர் மூவர் இறந்தபின், உலகப் பந்தயங்களுக்கான ஆகக் குறைந்த வயது 2023 இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் அவற்றில் பலவும் ஓர் இழப்பு நேர்ந்த பின்னரே வந்தன. சவப்பெட்டி வரும்வரை காத்திருக்காமல் விதியை மாற்றச் சொல்லும் குரல் அணி முகாமையாளர்களிடமிருந்தே முதலில் எழ வேண்டும். பழைய வீரர்களான முகாமையாளர்களுக்கு அந்தக் கடமை இரட்டிப்பானது. அவர்கள் சொன்னால் பயந்தவர்கள் என்று எவரும் ஏளனம் செய்ய முடியாது.

சிமொன்செல்லியின் தந்தை பாவோலோவும் மகன் இறந்த பின்னர், மகனின் 58 ஆம் இலக்கத்தைப் பெயரில் தாங்கிய அணி ஒன்றை உருவாக்கினார். பிறர் பெற்ற இளம் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அனுப்பும் இடத்துக்குத் தாமே வந்தார். முதலில் இதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இப்பொழுது ஓரளவு விளங்குகிறது. ஓட விரும்பும் இளைஞர்கள் எப்படியும் ஓடத்தான் போகிறார்கள். அவர்களை அனுப்புபவர், இழப்பு என்றால் என்னவென்று அறிந்த ஒருவராக இருப்பது நல்லது.

பவுஸ்டோ கிரெசினி ஓடுபாதையில் இறக்கவில்லை. கொவிட்-19 தொற்றுக்குள்ளாகி, பொலோனியா வைத்தியசாலையில் இரு மாதங்கள் போராடி, 2021 பெப்ரவரி 23 ஆம் திகதி தமது 60 ஆவது வயதில் காலமானார். பந்தயத்தில் ஓடியிராத அவரது மனைவி நாடியா படோவானி அணியைப் பொறுப்பேற்றார். 2022 மார்ச் 6 ஆம் திகதி கட்டாரில், அந்த ஆண்டின் முதற் பந்தயத்திலேயே எனேயா பஸ்தியானினி அந்த அணிக்கு வெற்றி தேடித்தந்தார். படோவானி கண்ணீர்விட்டதை உலகம் பார்த்தது.

வாசகர்களில் பலர் இன்று எவரையோ எங்கோ அனுப்பும் இடத்தில் இருப்பீர்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக, வைத்தியசாலையில் தலைமைத் தாதியாக, வாகன ஓட்டுநர்களை இரவில் அனுப்பும் முதலாளியாக. "போகலாமா?" என்று ஒருவர் உங்களிடம் கேட்டால், நீங்கள் எத்தனை முறை போய் வந்தீர்கள் என்பதை அப்போது எண்ணாதீர்கள். கேட்பவரின் முகத்தைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு.